காரின் கண்ணில் புரை!

மனிதனுக்குக் கண்ணில் புரை விழுந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். காரின் கண்ணில் புரை விழுந்தால்? "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இது தவறு!

முன்பெல்லாம் காரின் முகப்பு விளக்குக்குக் கண்ணாடி மூடி இருந்தது. இப்போது இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எளிதில் உடையாது. ஆனால் வெயில் அதற்கு எதிரி. மேலே உள்ள காப்புப் பூச்சு வெயிலில் அழிந்ததும், மூடி மஞ்சளித்து மங்கிவிடும்.

மங்கினால் என்ன? அமெரிக்க மோட்டார் கார் சங்கம் 2018-ல் சோதித்துப் பார்த்தது. மங்கிய விளக்கு தந்த ஒளி, புதிய விளக்கின் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான்! இருட்டில் சாலையைக் கடக்கும் கிழவரை அது எப்படிக் காட்டும்?

வீட்டிலேயே இதைச் சரி செய்யலாம். முதலில் மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சுற்றியுள்ள பெயிண்டில் கீறல் விழாமல் டேப் ஒட்ட வேண்டும். பிறகு 1000, 2000, 3000 எண் உப்புத்தாள்களால், ஒன்றன் பின் ஒன்றாக, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அதன்மேல் பாலிஷ் போட்டால் மூடி தெளிந்துவிடும்.

சிலர் பற்பசையைத் தேய்த்து, பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அது நிலைக்காது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைக் கடைசியில் கட்டாயம் பூச வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் புரைதான்!

உள்பக்கம் மங்கியிருந்தாலோ, மூடி விரிசல் விட்டிருந்தாலோ, தேய்த்துப் பயனில்லை. மாற்றிவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். அப்பா தேய்க்கட்டும், பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும்.

காரைத் துடைப்பது அழகுக்கு. அதன் கண்ணைத் துலக்குவது உயிருக்கு!