அடையாளம் தருவது அரசின் கடமை, பின்தொடர்வது அல்ல!

2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி என்னும் பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. எந்தச் சான்றும் இல்லாத ஏழைகளுக்கு ஒரு சான்று, விரும்புவோர் பெறலாம் என்றுதான் அன்று அரசு சொன்னது. இன்று ரேஷன் அரிசி, பான் அட்டை, பள்ளி மாணவர்களுக்கான ‘அபார்’ எண் என எங்கு திரும்பினாலும் அந்த 12 இலக்கங்கள் கேட்கப்படுகின்றன. 2024 ஜனவரி முதல் 100 நாள் வேலைத் திட்டக் கூலிக்கும் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயமானது. லாட்ஜில் ஒரு இரவு தங்கக்கூட ஆதார் ஜெராக்ஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது. அரசு தனக்குத்தானே ஒரு எல்லையை வகுத்துக்கொள்ளாவிட்டால், அடையாள அட்டை கண்காணிப்புக் கருவியாக மாறுவதைத் தடுக்க முடியாது.

இந்த எல்லை பற்றிய கேள்வியை 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று 2015-ல் மத்திய அரசு வாதாடியது. அந்த வாதத்தை 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக நிராகரித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கும் பான் எண்ணுக்கும் ஆதாரை அனுமதித்தது. வங்கிக் கணக்குக்கும் செல்பேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. சரிபார்ப்புப் பதிவுகளை 6 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

தீர்ப்பின் மை காய்வதற்குள் பின்வாசல் திறந்தது. வாடிக்கையாளர் ‘விரும்பினால்’ வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் ஆதாரைப் பயன்படுத்தலாம் என்றது 2019-ம் ஆண்டின் சட்டத் திருத்தம். 2025 ஜனவரியில் வந்த விதித் திருத்தம், தனியார் நிறுவனங்களும் ஆதார் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. கவுன்ட்டரில் இருப்பவர் “ஆதார் இல்லையென்றால் நடக்காது” என்று கைவிரித்தால், வரிசையில் நிற்பவருக்கு விருப்பம் என்று என்ன மிஞ்சுகிறது?

ஏழைகள் இதற்குக் கொடுக்கும் விலை இன்னும் அதிகம். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடையில் அவர் கட்டைவிரலை வைக்கிறார், இயந்திரம் ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அடுத்த விரலை வைக்கிறார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. “ரேகை விழவில்லை, நாளைக்கு வாங்க பாட்டி” என்ற பதிலுடன் வெறும் பையோடு திரும்பினால், அவருக்கு ஒரு நாள் கூலியும் போகிறது. சரிபார்ப்பு தவறினாலும் மாற்று வழியில் பொருளை வழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017-ல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அது கடைசிக் கடைவரை போய்ச் சேர்ந்ததா என்பதை அரசு பார்க்க வேண்டாமா?

ரேஷன் விவரம் ஓரிடத்திலும் மருத்துவ விவரம் வேறிடத்திலும் இருக்கும்வரை ஆபத்து குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்றாகும்போது, ஒருவர் எங்கே போனார், என்ன வாங்கினார், எதற்காகச் சிகிச்சை பெற்றார் என்பதை அதிகாரத்தில் இருப்பவர் கோத்துப் பார்க்க வழி பிறக்கிறது. தகவல்களின் பாதுகாப்பும் கேள்விக்குறிதான். தமிழகக் காவல் துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே 2024-ல் ஊடுருவல் நடந்தது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையையும் கருவிழியையும் மாற்றிக்கொள்ள முடியாது.

காக்க வேண்டிய சட்டமோ அரசின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. முறையீடுகளை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே அரசுதான். இதே சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. பொதுநலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிடலாம் என்று பிரிவு 8(1)(ஜே)-யில் இருந்த வாசகம் நீக்கப்பட்டுவிட்டது. பொதுநலனுக்காகத் தகவல் தர வழிசெய்யும் பிரிவு 8(2) இருக்கிறதே என்கிறது அரசு. அந்தப் பிரிவின்படி முதலில் முடிவெடுக்கப்போவது தகவலைக் கையில் வைத்திருக்கும் அதே அலுவலகம்தானே! குடிமக்களைப் பற்றி அரசு அறிவது பெருகுகிறது. அரசைப் பற்றிக் குடிமக்கள் அறிவது சுருங்குகிறது. ஜனநாயகத்தில் இது தலைகீழாக இருக்க வேண்டும்.

ஆதாரால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டோம். பிஹாரிலிருந்து திருப்பூருக்கு வந்த தொழிலாளி, தன் ஊர் ரேஷன் அட்டைக்கு இங்கேயே அரிசி வாங்க முடிகிறது. ஓய்வூதியம் இடைத்தரகர் இல்லாமல் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இந்தப் பயன்களுக்கு, வந்து நிற்பவர் உரியவர்தானா என்று சரிபார்த்தால் போதும். அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஒரே எண்ணில் கோக்கத் தேவையில்லை. “தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?” என்று கேட்பவர்களும் யோசிக்க வேண்டும். எது தப்பு என்பதை ஆட்சியில் இருப்பவரே தீர்மானிக்கிறார். ஆட்சிகள் மாறும், சேர்த்துவைத்த தகவல்கள் அப்படியே இருக்கும்.

பிரிட்டனில் 2006-ல் அடையாள அட்டைச் சட்டம் வந்தது. 2010-ல் பதவிக்கு வந்த புதிய அரசு அதை ரத்துசெய்து, திரட்டிய தரவுகளையும் அழித்தது. அரசு மனம்வைத்தால் பின்வாங்க முடியும் என்பதற்கு அது சாட்சி. இங்கே ஆதாரை அழிக்கச் சொல்லவில்லை. வரம்புக்குள் வையுங்கள் என்கிறோம். தரவுச் சட்டத்தில் அரசு அமைப்புகளுக்கான விலக்கு, நீதிமன்ற மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். வாரியம் சுதந்திரமானதாக வேண்டும். தகவல் அறியும் உரிமையில் பறித்ததைத் திருப்பித் தர வேண்டும். ரேகை பதியாததால் ஒருவருக்கு ரேஷனோ கூலியோ மறுக்கப்பட்டால் அதற்கு அதிகாரி பொறுப்பேற்க வேண்டும்.

நாடாளுமன்றம் இதைச் செய்ய வேண்டுமென்றால் மக்கள் கேட்க வேண்டும். ஆதார் நகலை நீட்டும் முன், “இதற்கு ஆதார் சட்டப்படி கட்டாயமா?” என்று ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்குவோம். அப்படிக் கேட்பது நம் உரிமை. பதில் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை.