சோதனைச்சாலை எலியும் நோயாளியின் மூச்சும்

உணவைச் செரிக்கக் கணையம் சுரக்கும் நொதிகள், குடலை அடையுமுன்பே செயற்படத் தொடங்கினால் கணையத்தையே அரித்துவிடுகின்றன. பித்தக்கற்களும் மதுவும் இதற்குப் பெருங்காரணங்கள். ஆயினும், தீவிரக் கணைய அழற்சியின் தொடக்க நாட்களில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் நுரையீரலின் தளர்ச்சியே. தீ வயிற்றில் மூள, மூச்சு மார்பில் அடைபடுவது ஏன்?

இவ்வினாவுக்கு விடை தேடித் தந்தவை வாயில்லா உயிர்கள். 1856இல் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு, நாயின் கணையக் குழாயில் பித்தநீரும் ஆலிவ் எண்ணெயும் செலுத்தி இந்நோயை உண்டாக்கினார். பிற்காலத்தார், ஆஸ்திரேலிய மரத்தவளையின் தோலில் முதலில் கண்டறியப்பட்ட செருலின் என்னும் பொருளை எலிகளுக்கு மிகுதியாக ஊசியேற்றினர். அவற்றின் நுரையீரலில் வெள்ளணுக்கள் திரண்டு நுண்குழாய்ச் சுவர்களைச் சிதைப்பதும், கசியும் நீர் காற்றறைகளில் தேங்குவதும் அதனால் புலனாயின.

இவ்வறிவு பெரிது, ஆனால், அது மருந்தாகக் கனிந்ததா? அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைத் தடுக்கும் லெக்சிபஃபாண்ட் என்னும் மருந்து விலங்குகளில் நற்பயன் தந்தது. 290 நோயாளிகளிடம் நிகழ்த்தி 2001இல் வெளியிடப்பட்ட ஆய்விலோ, புதிதாக உறுப்புகள் செயலிழப்பதை அது தடுக்கவில்லை. அவர்களுள் 100க்கு 40 பேருக்கும் மேல் மருந்து தொடங்கும்போதே உறுப்புச் செயலிழப்புக்கு ஆளாகியிருந்தனர். எலிக்கு நோய் தொடங்கும் நாழிகையை ஆய்வாளர் அறிவார். பல வேளை நோய்க்கு முன்னரே மருந்தும் கொடுத்துவிடுவார். மனிதனோ வலி முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகிறான்.

எனவே, நோய் முற்றிய பின் மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகளே நமக்குத் தேவை. தோல்விகளையும் மறையாது வெளியிடுதல் வேண்டும். இன்றேல், ஒருவர் கண்ட தோல்வியை மற்றொருவர் மீண்டும் காண இன்னும் பல உயிர்கள் மாளும். இயன்றவிடத்து மாற்றுவழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வேதனை என்னும் மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959இலேயே வகுத்துவிட்டனர்.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை எடுத்துரைத்து, உயிர்கள் யாவற்றுக்கும் செய்யும் நன்மைக்குக் கூலியுண்டு என நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மனித உயிரைக் காக்கும் பொருட்டு விலங்காய்வை நாம் ஏற்கிறோம், வீண்விரயத்தை ஏற்கோம். ஆய்வுக்கூடம் புகும் நம் மாணவச் செல்வங்கள், கையிலிருக்கும் எலியும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே என்பதை மறவாதிருப்பார்களாக!