மறந்துவிடுவார் என்பது ஒரு சாக்கு

போன ஆவணியில் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்பினோம், அண்ணனை மட்டும் விட்டுவிட்டு. அவருக்கு வயது 79. அல்சைமர் வந்து நான்கு வருடம் ஆகிறது. "கூட்டிக்கிட்டுப் போனாலும் சாயங்காலமே மறந்துடுவார், எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்று பகல் முழுவதும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று துணைக்கு இருந்த பெண் சொன்னாள்.

'மறந்துவிடுவார்' என்பது எவ்வளவு தப்பான வாதம் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான, சந்தோஷமான படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்களிலேயே பார்த்ததில் பெரும்பகுதி அவர்களுக்கு மறந்துபோனது. ஆனால் அந்தச் சோகமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் மனதில் இருந்தன. அப்படியென்றால், எதற்கு என்றே தெரியாத ஒரு வருத்தத்தோடு அண்ணன் அன்று உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் அவர் அடம்பிடித்தபோது நாங்கள் நோய் முற்றுகிறது என்றோம்.

உண்மையைச் சொல்லவா? நாலு பேர் முன்னால் அவர் ஏதாவது உளறினால் நமக்கு வெட்கம். அதை அவருடைய சௌகரியம் என்று பெயர் மாற்றிச் சொல்கிறோம்.

அண்ணியை நான் குறை சொல்லவில்லை. ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர் ஒருவர்தான். குறை எங்கள்மேல்தான். சொந்தக்காரர்கள் வருவதைக் குறைத்துவிட்டோம். சீட்டாட்டக் கூட்டாளிகள் அடியோடு நிறுத்திவிட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரும் "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?" என்று பரீட்சை வைக்கிறார்கள். பதில் தெரியாமல் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

மூன்று மணி நேரம் மேளச் சத்தத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முகூர்த்த நேரத்துக்கு அரை மணி, ஓரமாக ஒரு நாற்காலி, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர். அது போதும்.

இப்போது வியாழக்கிழமைதோறும் போகிறேன். முறத்தை நடுவில் வைத்து இருவரும் மொச்சை உரிக்கிறோம். அண்ணி அந்த இரண்டு மணி நேரம் தூங்குகிறார். என் பெயர் அண்ணனுக்குத் தெரியாது. "சார், காபி சாப்பிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

அடுத்த முறை பத்திரிகை வைக்க வருகிறவர்கள், தாம்பாளத்தை அண்ணியிடம் மட்டும் நீட்டாதீர்கள். அண்ணன் கையிலும் கொடுத்து, "அவசியம் வரணும்" என்று சொல்லுங்கள்.