ஆமாம், அந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஹோம்வொர்க் என்று நினைத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் கே.கே. நகர் சிவன் பூங்காவில் காலை நடையை முடித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாத நாவல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த என் பழைய மாணவன் ஒருவன், எனக்குத் தெரியாமல் போட்டோ எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அட்டையில் ஒரு பெண் மிரண்டு திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் ஒரு ஆணின் நிழல். "நம்ம டீச்சர் கையில என்ன புக் பாருங்க!" என்று ஒரு வரி. அதற்குக் கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். நான் ஏதோ டாஸ்மாக் வாசலில் பிடிபட்ட மாதிரி.

அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் அண்ணன் மகன், சமையலறை அலமாரியைப் பார்த்துவிட்டு, "அத்தை, நாற்பது வருஷமா சமைக்கிறீங்க. இன்னும் எதுக்கு இத்தனை சமையல் புஸ்தகம்? எல்லாத்தையும் எடைக்குப் போடுங்க, யூடியூப்ல பார்த்துக்கலாம்" என்றான்.

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடுவதாகவும் இல்லை.

முதலில் நாவல். காதலும் மர்மமும் கலந்த கதை என்றால் உங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது? 1964-இல் வந்த 'புதிய பறவை' என்ன கதை? காதல், கல்யாண ஏற்பாடு, செத்துப்போன மனைவி நான்தான் என்று வந்து நிற்கும் ஒருத்தி, கடைசியில் காதலித்தவளே போலீஸ். அதை இன்றைக்கும் கிளாசிக் என்று கொண்டாடுகிறீர்கள். சிவாஜி கணேசன் நடித்தால் காவியம், அதே மாதிரி கதையை நான் பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் குப்பையா?

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். 1847-இல் வந்த 'ஜேன் ஐர்' என்ன கதை? வேலைக்கு வந்த பெண் வீட்டு எஜமானரைக் காதலிக்கிறாள், மாடி அறையில் ஒரு ரகசியம். 1938-இல் வந்த 'ரெபெக்கா'? இரண்டாம் தாரமாகப் போனவள், முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று தெரியாமல் அந்தப் பெரிய வீட்டில் தவிக்கிறாள். அதற்கெல்லாம் நோட்ஸ் எடுத்துப் பரீட்சை எழுதினீர்கள். அதே சரக்கு தமிழில், சாணித்தாளில், பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கினால் மட்டும் மட்டமாகிவிடுகிறது. உங்களுக்குக் கதை பிரச்சினை இல்லை. தாளும் விலையும் வாசிப்பவர் யார் என்பதும்தான் பிரச்சினை.

இந்தச் சிரிப்பு இன்று நேற்று வந்ததும் இல்லை. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? 1901-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். தன் முதல் நாடகத்தைத் தானே எழுத முடியாமல் தோழிக்கு வாயால் சொல்லி எழுத வைத்தவர். அவர்தான் பிறகு 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். 1966-இல் வந்த 'சித்தி' படம் அவருடைய நாவல்தான். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரிய மனிதர்கள் புலம்பிய காலம் அது. எந்தப் பெண்ணும் கெட்டுப்போகவில்லை. படிக்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் எங்கள் காலம். கோவையிலிருந்து ராஜேஷ்குமார் 1500-க்கும் மேல் எழுதிக் குவித்தார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் துப்பும் துலக்குவார்கள், ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டும் இருப்பார்கள். சுபா என்ற பெயரில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதினார்கள், அதில் நரேந்திரனும் வைஜெயந்தியும். ரமணிசந்திரன் கதையில் கொலை இருக்காது, ஆனால் 'இவன் நல்லவனா, கெட்டவனா' என்ற கேள்வி கடைசிப் பக்கம் வரை இருக்கும். ஆசிரியர் பயிற்சி ஹாஸ்டலில் ஒரே பிரதி இருபது பேர் கை மாறும். கடைசி ஆள் கைக்கு வரும்போது கடைசிப் பக்கம் இருக்காது. முடிவை நாங்களே பேசி முடிவு செய்துகொள்வோம்.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 'இவனை நம்பலாமா?' ஆண்களுக்கு இது கதை. எங்களுக்கு இது வாழ்க்கை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதில் நான் அவர் முகத்தைப் பார்த்தது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை முடிவு செய்யச் சொன்னார்கள். (எனக்கு நல்ல மனிதர் கிடைத்தார். அது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை.) ஒரு ஆளைக் கவனிக்க, பேச்சுக்கும் நடத்தைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க, சந்தேகம் வந்தால் அதைத் தள்ளிவிடாமல் இருக்க எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பாடப் புத்தகமா? இந்தக் கதைகள்தான் கொஞ்சமாவது கற்றுக்கொடுத்தன.

எல்லாமே நல்ல கதை என்று நான் சொல்லவில்லை. கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு அதைக் காதல் என்று சொல்லும் கதாநாயகர்கள் உண்டு. கெடுத்தவனுக்கே கழுத்தை நீட்டச் சொல்லும் கதைகளும் உண்டு. அந்த மாதிரி வந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். மூடி வைக்கத் தெரிவதும் வாசிப்புதான். நூறு படித்தவளுக்குத்தான் எதை மூட வேண்டும் என்று தெரியும்.

இப்போது சமையல் புத்தகம். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வெளியூர் போன உறவுப் பெண்கள் பக்குவம் கேட்டுக்கொண்டே இருக்க, அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர் இதைப் புத்தகமாகவே எழுது என்று ஊக்கப்படுத்தினார். அதுவரை சமையல் என்பது 'கைப்பக்குவம்'. அதாவது, மாமியார் மனசு வைத்தால்தான் மருமகளுக்கு வரும். எவ்வளவு புளி என்று கேட்டால், "போட்டுப் போட்டுத் தெரிஞ்சுக்கணும்" என்பார்கள். அந்த அம்மாள் எந்தச் சாமான் எவ்வளவு, எதற்குப் பின் எது என்று எழுதி வைத்துவிட்டார். டில்லிக்கும் பம்பாய்க்கும் கணவனோடு போன பெண்கள் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய விடுதலை இயக்கம் அடுப்படியில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, முப்பத்தைந்து வருஷம் அடுப்புப் பற்றவைக்காத என் வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு வத்தக்குழம்பு வைத்தார். உப்புக் கொஞ்சம் தூக்கல். ஆனால் அது குழம்புதான். நான் பக்கத்தில் நின்றிருந்தால் பத்து முறை சிரித்திருப்பேன், அவரும் கரண்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார். புத்தகம் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நான் இன்றும் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு புத்தகத்தைத் திறந்து, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்கிறேன். போன மாதம் திருநெல்வேலி சொதி. தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, இரண்டாம் பாலை விட்டு, கடைசியில்தான் முதல் பால். அதைக் கொதிக்க விடக்கூடாது. நான் கொதிக்க விட்டேன். திரிந்து போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை சரியாக வந்தது, இஞ்சித் துவையலோடு. அறுபது வயதுக்கு மேல் ஒருத்திக்கு 'அடுத்து என்ன ஆகும்?' என்று ஆவலாகக் காத்திருக்க வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிறதென்றால், அதை எடைக்குப் போடச் சொல்வீர்களா? மற்ற ஆறு நாளும் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

உங்களைத் திட்ட எனக்கு முழு உரிமை இல்லை. ஏனென்றால் நானும் சிரித்தவள்தான். வேலையில் சேர்ந்ததும், 'டீச்சருக்கு இது அழகில்லை' என்று இந்த மாதிரிப் புத்தகங்களை விட்டுவிட்டேன். தொண்ணூறுகளில் ஒரு வருஷம், எட்டாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். ஒரு நாள் அவள் டெஸ்க்குக்கு அடியில் ஒரு பாக்கெட் நாவலைப் பிடித்தேன். வகுப்பு முன்னால் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பாடத்தில் நான்கு வரி வாசிக்கத் திணறிய பிள்ளை, தானாக நூறு பக்கம் வாசித்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வகுப்பில் நடந்த மிகப் பெரிய விஷயம் அதுதான். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய டீச்சருக்கு அது தெரியவில்லை. அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கு வரவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியது நான்.

ஓய்வு பெறும்போது பீரோவைக் காலி செய்ததில் அது கிடைத்தது. எழுபதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அன்று இரவே உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். மறுபடி நான் படிக்க ஆரம்பித்தது அந்தப் புத்தகத்தில்தான். நல்ல கதை.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை கையில் எந்தக் கதைப் புத்தகம் இருந்தாலும் பிடுங்காதீர்கள். "முடிவு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். வீட்டில் அம்மாவோ மாமியாரோ மாத நாவல் படித்தால் சிரிக்காதீர்கள். அடுத்த இதழை வாங்கிக் கொடுங்கள். போட்டோ எடுத்த அந்த மாணவனுக்குத் தண்டனை: ஒரு நாவல் படித்துவிட்டு, குழுவில் பத்து வரி எழுத வேண்டும். அண்ணன் மகனுக்கு: வருகிற சனிக்கிழமை வந்து தேங்காய் துருவ வேண்டும்.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், பெயரை இங்கே எழுத வேண்டாம். அவளிடம் மட்டும் சொல்லுங்கள். புத்தகம் பத்திரமாக இருக்கிறது. பஸ் டிக்கெட்டை அதே பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். கொலைகாரன் யார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்
கே.கே. நகர்