பள்ளியா, பலிபீடமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலே, மரியானா என்னும் ஊரிலே, 1900-ஆம் ஆண்டு எழுந்தது சிறுவர் சீர்திருத்தப் பள்ளி! வகுப்புக்கு மட்டம் போட்ட பாலகனும் அங்கே கைதி! ஏடு ஏந்த வேண்டிய கரங்களிலே மண்வெட்டி. கறுப்பினச் சிறுவர்க்கோ வயற்காடே வகுப்பறை! உழைப்பு பிள்ளைகளுடையது, விளைச்சல் நிர்வாகத்தினுடையது!

1903-லேயே சட்டமன்றக் குழுவினர் கண்டனர், பிஞ்சுக் கால்களிலே விலங்கு! கண்ட பிறகு மூடினரா? மூடினர், 2011-இல்!

இடுகாட்டிலே நின்ற சிலுவைகள் 31. தோண்டியபோது தென்பட்ட புதைகுழிகள் 55! 2017-இல் சட்டமன்றம் மன்னிப்புக் கோரிற்று. 2024-இல் இரண்டு கோடி டாலர் இழப்பீடு ஒதுக்கிற்று. உயிரோடிருப்போர் பெறட்டும், மண்ணுக்குள் மடிந்தவன் எந்தக் கையை நீட்டுவான்?

அடிமைக் களத்துக்குப் பள்ளியெனப் பெயர் சூட்டிய அரசே, திருந்த வேண்டியவன் சிறுவனா, நீயா?