ஆமைக்கு வயிறு அடைத்தால்

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. வள்ளுவரோ ஐம்புலன்களை அடக்கி வாழும் மனிதனுக்கு அதே ஆமையை உவமையாக்கினார். ஒருவருக்குத் தீய நிமித்தமாகத் தோன்றிய பிராணி மற்றொருவருக்கு நல்லாசானாய் விளங்கியது. ஆங்கில நாட்டிலோ ஆமை பிள்ளைகளின் வீட்டுத் தோழன். நாயும் பூனையும் போல அதுவும் அங்கே பெயர் சூட்டப்பெற்று, குடும்பத்தில் ஓர் அங்கமாக வளர்கிறது.

அந்நாட்டில் குடியேறி வாழும் வாசகக் குடும்பம் ஒன்று அண்மையில் நமக்கு ஒரு மடல் வரைந்தது. மகளுக்கென வாங்கிய ஆமை பத்து நாள்களாக உணவைத் தொடவில்லை, மலமும் கழிக்கவில்லை, பின்னங்கால்களை ஊன்றி அடிக்கடி முக்குகிறது, "விளக்கெண்ணெய் புகட்டலாமா? கீரையை மசித்து வாயில் ஊட்டலாமா?" என வினவியிருந்தார் தாயார். "இரண்டும் வேண்டா, இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்" என்று உடனே விடை அனுப்பினோம். அவ்விடைக்கான காரணங்களை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம். பேச இயலாத உயிரைப் பேண விரும்பும் எவருக்கும் இதில் பாடம் உண்டு.

முதலாவதாக, ஆமையின் வயிறு நம் வயிற்றைப் போன்றதன்று. ஐரோப்பியர் வீடுகளில் வளரும் மத்தியதரைக் கடற்பகுதி ஆமைகள் இலைதழை உண்பவை. அவை உண்ணும் நார்மிக்க உணவு பெருங்குடலில் தங்கி, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் மெல்ல மெல்லப் புளிக்கவைக்கப்பட்ட பின்னரே சத்தாக மாறுகிறது. உண்ட இலை வெளியேறப் பல நாள்கள் ஆகலாம். சில வேளைகளில் வாரங்களும் ஆகலாம். ஆகவே நன்கு உண்டு, சுறுசுறுப்பாக நடமாடும் ஆமை இரண்டொரு நாள் மலம் கழிக்காவிடில் பதற வேண்டியதில்லை.

இரண்டாவதாக, ஆமைக்குத் தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. வெயிலிலிருந்துதான் அது வெப்பத்தைப் பெறுகிறது. உடல் குளிர்ந்தால் குடலும் அசைவு குன்றும். நுண்ணுயிர்களின் வேலையும் தடைபடும். அடுப்பில் தீ இல்லாதபோது பானையில் அரிசியை மேன்மேலும் கொட்டினால் சோறாகுமா? குளிர்ந்த ஆமைக்கு உணவூட்டுவதும் அத்தகையதே. உள்ளே சென்ற உணவு செரியாமல் கிடந்து அழுகும்.

இவ்வுண்மையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பொறுமையுடன் கண்டு குறித்தவர் ஒருவர் உண்டு. தென் இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவே அவர். அவருடைய அத்தை ஓர் ஆமையை நெடுங்காலம் வளர்த்து வந்தார். அத்தையின் மறைவுக்குப் பின், 1780ஆம் ஆண்டில் ஒயிட் அதனைத் தம் இல்லத்துக்குக் கொண்டு வந்தார். தோட்டத்தில் அது செய்வதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்; அவ்வப்போது அதனை நிறுத்தும் பார்த்தார். இளவேனிலில் விழித்தெழும்போது அதற்கு உணவில் நாட்டமில்லை என்றும், கோடையின் உச்சத்தில் பெருந்தீனி தின்கிறது என்றும், இலையுதிர் காலத்தின் கடைசி ஆறு வாரங்களில் ஏறக்குறைய ஒன்றுமே உண்பதில்லை என்றும் அவர் கண்டார். 1789ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவரது செல்போர்ன் இயற்கை வரலாற்று நூலில் இச்செய்திகள் இடம்பெற்றுள்ளன. திமொத்தி என ஆண் பெயர் பெற்றிருந்த அந்த ஆமை உண்மையில் பெண் என்பது பின்னாளில்தான் தெரிய வந்தது. அதன் ஓடு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஒயிட் கண்ட அந்த ஆறு வார உண்ணாநோன்பு வீணான சோம்பல் அன்று. குளிர்கால நெடுந்துயிலுக்கு முன் குடலைக் காலி செய்துகொள்ளும் இயற்கையின் ஏற்பாடு அது. நிறைந்த குடலுடன் உறங்கும் ஆமையின் உள்ளே உணவு கெட்டு, நோயும் சாவும் நேரலாம். ஆகையால்தான் நலமாயுள்ள ஆமைக்குத் துயிலுக்கு முன் இரண்டு முதல் நான்கு வாரங்கள் உணவை நிறுத்தி, நீரை மட்டும் தாராளமாய் அளிக்க வேண்டும் என்கின்றனர் மருத்துவர். நோயுற்ற ஆமையை நெடுந்துயிலுக்கு விடலாகாது.

இனி, அடைப்பு எவ்வாறு ஏற்படுகிறது எனக் காண்போம். பெரும்பாலும் அது ஒரே நாளில் வருவதன்று. நீர்க்குறைவு, வெப்பக்குறைவு, நார்ச்சத்துக் குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் வளர்த்துவிட்ட துன்பம் அது. நீர் போதாதபோது உடல் குடலிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது, மலம் இறுகுகிறது. ஆமையின் சிறுநீரோடு வெளிவரும் வெண்ணிறக் கழிவு வழக்கமாகக் கூழ் போல் மிருதுவாயிருக்கும். அது மணல் போல் நறநறவென்று மாறினால் நீர் போதவில்லை என்பதற்கு அதுவே எச்சரிக்கை.

மண்ணும் கல்லும் விழுங்குவது மற்றொரு காரணம். மணல் பரப்பிய பெட்டியில் ஈரமான கீரையை இட்டால் ஒவ்வொரு வாயிலும் மணல் சேர்ந்து உள்ளே போகும். உணவில் சுண்ணாம்புச் சத்து குன்றினாலும் ஆமை கல்லையும் மண்ணையும் தேடித் தின்னும். அமெரிக்கப் பாலைநிலத்து ஆமைகள் இயற்கையிலேயே சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணை உண்பதுண்டு. ஆனால் அங்கே வெயிலும், நாரும், நெடுந்தூர நடையும் உள்ளன. வெளிச்சமற்ற கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மண் குடலை அடைக்கும் கட்டியாகிறது. சிவப்பு, மஞ்சள் முதலிய பளிச்சிடும் நிறங்கள் ஆமையின் கண்ணைக் கவர்வதால், பிள்ளைகள் எறிந்துவிட்ட பிளாஸ்டிக் துண்டும் உணவென விழுங்கப்படலாம்.

அடைப்பின் அறிகுறிகள் யாவை? உணவில் வெறுப்பு, ஓய்ந்து கிடத்தல், மலம் கழியாமை, அடிக்கடி முக்குதல், பின்னங்கால்களில் தளர்ச்சி ஆகியவையே. ஆயினும் இவற்றைக் கண்டதும் அடைப்பு என நாமே முடிவு கட்டிவிடலாகாது. சிறுநீர்ப்பையில் கல் வளர்ந்தாலும் ஆமை இவ்வாறே முக்கும். முட்டையிட இயலாமல் தவிக்கும் பெண் ஆமையும் இவ்வாறே முக்கும். ஆண் துணையின்றித் தனித்து வாழும் பெண் ஆமைக்கும் முட்டை உருவாகக்கூடும் என்பதைப் பலர் அறியார். குடற்புழுக்கள் மிகுந்தாலும் உணவில் வெறுப்புத் தோன்றும். எக்ஸ்ரே படமும் மலப் பரிசோதனையும் இவற்றைப் பிரித்துக் காட்டும். கல்லுக்கும் முட்டைக்கும் பேதி மருந்து கொடுத்து என்ன பயன்?

விளக்கெண்ணெய் வேண்டா என்று நாம் எழுதியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் ஆமைக்கு இல்லை. மூச்சுக்குழலில் புகுந்த பொருளை வலிந்து இருமி வெளியேற்ற அதனால் இயலாது. வாயைப் பிளந்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால், வயிற்று நோயோடு வந்த ஆமை நுரையீரல் அழற்சியால் மாளும். பாரஃபின் எண்ணெய்க்கும், மனிதர் உண்ணும் பேதி மாத்திரைகளுக்கும் இதுவே விடை. மருத்துவர் தேர்ந்து, அளந்து கொடுப்பது வேறு. நாம் மனம்போல் புகட்டுவது வேறு.

அவ்வாறாயின் வீட்டில் செய்யத்தக்கது யாது? வரிசையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்: முதலில் வெப்பம், பிறகு நீர், கடைசியில் உணவு.

வெப்பத்துக்கு, கூட்டின் ஒரு மூலையில் விளக்கு அமைத்து, அதன் கீழ் 30 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மறுமூலை குளிர்ச்சியாக இருத்தல் அவசியம். வேண்டியபோது விலகிச் செல்ல ஆமைக்கு இடம் வேண்டுமல்லவா? கை வைத்து மதிப்பிடாது வெப்பமானியால் அளத்தல் நன்று. எலும்பும் ஓடும் உறுதி பெறப் புறஊதாக் கதிர் தரும் விளக்கும் வேண்டும். வெயில் வாய்க்குமாயின் அதற்கு ஈடு எதுவுமில்லை.

நீருக்கு, அகன்ற தட்டில் வெதுவெதுப்பான நீரை ஆமையின் மோவாய்க்கு மேல் எழாதபடி ஆழமின்றி ஊற்றி, நாள்தோறும் இருபது முதல் முப்பது நிமிடம் அதனை நிற்க விட வேண்டும். நீர் ஆறிவிடாமல் அவ்வப்போது மாற்ற வேண்டும். பக்கத்தில் ஆளில்லாமல் விட்டுச் செல்லலாகாது. ஆமை தலையைத் தாழ்த்தி நெடுநேரம் குடிப்பதைக் காணலாம். நீரில் நிற்கும்போதே அது மலம் கழிப்பதும் மிக இயல்பு. சிறு அடைப்புகள் பல இந்த எளிய குளியலிலேயே நீங்கிவிடுகின்றன.

உடல் சூடேறி, நீரும் சேர்ந்த பின்னரே உணவு. ஒயிட்டின் ஆமை விரும்பி உண்டவை டான்டிலியன் போன்ற பால் வடியும் களைச்செடிகள். இன்றும் மருத்துவர் பரிந்துரைப்பவை அத்தகைய நார்மிக்க தழைகளே. ரொட்டியும் பாலும் கொடுக்கும் பழைய ஆங்கில வழக்கம் குடலுக்குக் கேடு. பழமும் மிகுதியாகத் தரலாகாது. உணவை மணலில் இடாது, தட்டைக்கல் ஒன்றின் மேல் வைத்தால் மண் சேராது; அலகும் தேய்ந்து அளவாக நிற்கும்.

இவ்வாறு சூடும் நீரும் அளித்த பின்னும் சில நாள்களுக்குள் உணவும் மலமும் திரும்பாவிடில் மருத்துவரை நாடுவதில் தாமதம் கூடாது. ஓயாது முக்கினாலோ, பின்னங்கால்கள் தளர்ந்தாலோ, கழிவாய் வழியே சதை வெளித்தள்ளினாலோ, அன்றைய தினமே செல்ல வேண்டும். வெளித்தள்ளிய சதையை உள்ளே தள்ள முயலாமல், ஈரமான தூய துணியால் மூடி எடுத்துச் செல்க. மருத்துவர் உடலில் நீரேற்றுவார், குடலைக் கழுவுவார், தானாக உண்ணாத ஆமைக்குக் கழுத்து வழியே மெல்லிய குழாய் பொருத்தி உணவு செலுத்துவதும் உண்டு. வேறு வழியில்லாதபோது அடிவயிற்று ஓட்டைச் சதுரமாய் அறுத்துத் திறந்து அடைப்பை நீக்கி, அவ்வோட்டுத் துண்டையே மீண்டும் பொருத்தி மூடுவர். அப்புண் முழுதும் ஆற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தட்டில் ஊற்றிய வெதுவெதுப்பான நீரின் அருமை அப்போது விளங்கும்!

வருமுன் காக்க ஒரு சிறு பழக்கம் போதும். வாரந்தோறும் ஆமையைத் தராசில் நிறுத்து, எடையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. ஓட்டுக்குள் உடல் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. தராசு அதனைச் சொல்லிவிடும். ஆலிஃபண்ட் ஜாக்சன் என்ற ஆங்கிலக் கால்நடை மருத்துவர் 1980ஆம் ஆண்டில், மத்தியதரை ஆமைகள் இரண்டு இனங்களின் ஓட்டு நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டு நலம் அறியும் முறையை வெளியிட்டார். பிற இன ஆமைகளுக்கு அவ்வளவை அப்படியே பொருத்தலாகாது. ஆனால் சென்ற மாத எடையோடு இம்மாத எடையை ஒப்பிடுவது எந்த ஆமைக்கும் பொருந்தும். பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு செய்வர். ஊன்றிக் கவனிக்கவும் கற்றுக்கொள்வர்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். இதனைப் படித்து ஆமை வளர்க்க எவரும் ஆசை கொள்ளற்க. நம் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, அவ்வினத்தின் பன்னாட்டு வாணிகத்துக்கு மிகக் கடுமையான தடையை விதித்தன. ஐரோப்பாவிலும் மத்தியதரை ஆமைகளைக் காட்டிலிருந்து பிடித்துக் கொணர்ந்து விற்பது 1984ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வீடுகளில் ஈன்று வளர்க்கப்பட்டவற்றையே உரிய சான்றிதழுடன் விற்கலாம். கடத்தல்காரரின் பைகளில் நாள்கணக்கில் நீரின்றிக் கிடக்கும் ஆமைக்கு மேலே கூறிய துன்பங்கள் அனைத்தும் நேரும். எங்கேனும் ஆமையைக் கண்டெடுத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

ஆமை கத்தாது, குரைக்காது, வலி என்று வந்து நம் காலடியில் படுக்காது. வலியையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் பிராணி அது. அதன் துன்பம் நமக்குப் புலப்படும்போது நோய் முற்றியிருக்கும். அவ்வேளையில் நம் பாசம் உடனே உணவை எடுத்துக்கொண்டு ஓடுகிறது; அதற்கு வேண்டியதோ சூடும் நீரும் பொறுமையும். நமக்குக் கொடுக்கத் தோன்றுவதை விடுத்து, அதற்கு வேண்டியதை அறிந்து கொடுப்பதே பேணுதல். பெற்றோர் இதனைச் செய்கையால் காட்டுவார்களாயின், பிள்ளைகள் ஆமையை மட்டுமன்றி, வீட்டில் வாய் திறவாது துன்புறும் முதியோரையும் பேணக் கற்றுக்கொள்வர்.