பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்



ஆகஸ்ட் மாத நீண்ட வார இறுதியில் லண்டன் போக நம் வாலிபர் ஐக்கியத்தில் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. எண்ணிப் பார்த்தேன். இரண்டு நாளில் பதினேழு இடங்கள். அதில் பாதியை அடித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். "அக்கா மட்டும் எல்லாம் பார்த்துட்டு வந்துட்டாங்க, நம்மளைத் தடுக்கிறாங்க" என்று நினைக்க வேண்டாம். உங்களுடையதைவிட மோசமான பட்டியல் போட்டவள் நான்.

2023 மே மாதம் நாங்கள் நான்கு பெண்கள் லீட்ஸ் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்தோம். மூன்று பேர் நர்ஸ்கள். நான்காமவள் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த தங்கை. மூன்று நர்ஸ்களுக்கும் ஒரே வார இறுதியில் லீவு அமையவே ஐந்து மாதம் ஆயிற்று. அதனால் ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது என்று நான் வார்டு ஹேண்ட்ஓவர் தாள் போல ஒரு அட்டவணை தயாரித்திருந்தேன். பிரிட்டிஷ் மியூசியம் நாற்பது நிமிடம். டிரஃபால்கர் சதுக்கம் பதினைந்து. பக்கிங்ஹாம் அரண்மனை வாசல் இருபது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு வெளியிலிருந்து போட்டோ மட்டும். பிறகு பாலத்தைக் கடந்து செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் மியூசியம் இருபத்தைந்து நிமிடம். ஐந்து மணிக்கு படகு.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மாணவித் தங்கை டீ மட்டும் வாங்கினாள். "பசிக்கல அக்கா" என்றாள். வார்டில் ஒருவர் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்காமல் நான் விடமாட்டேன். அன்று கேட்கவில்லை. அடுத்த இடத்துக்கு எந்தப் பேருந்து என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளுக்கும் சேர்த்து அவள் கையில் நாற்பது பவுண்டுதான் இருந்தது என்பது ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

நைட்டிங்கேல் 1860-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' புத்தகத்தில், நோயாளியை எப்படிக் கவனித்துப் பார்ப்பது என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அவருடைய மியூசியத்துக்குள் நாங்கள் மூன்று நர்ஸ்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினோம். பக்கத்தில் வந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மருத்துவமனையின் ஆற்றோரச் சுவர் கொரோனாவில் இறந்தவர்களுக்கான நினைவுச் சுவர். எதிர்க்கரையில் பாராளுமன்றம். 2021 மார்ச் மாதக் கடைசியில், உறவுகளை இழந்த குடும்பத்தாரும் தன்னார்வலர்களும் அங்கே சிவப்பு இதயங்களைக் கையால் வரைய ஆரம்பித்தார்கள். இந்த நாட்டில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு இதயம். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்கு அவை போகின்றன. பலவற்றுக்குள் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். என் அட்டவணையில் அதற்குப் பத்து நிமிடம்.

எங்களில் ஒருத்தி அங்கே நின்றுவிட்டாள். நர்ஸ்தான், என்னைவிட இரண்டு வயது இளையவள். 2021 மே மாதம் தூத்துக்குடியில் அவளுடைய அப்பா கொரோனாவில் இறந்தார். அப்போது இந்தியா பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருந்தது. போய்த் திரும்பினால் பத்து நாள் ஹோட்டலில் தனிமை, அந்தச் செலவும் நம்முடையது. வார்டிலோ ஆள் இல்லை. அடக்க ஆராதனையை அவள் இரவு டியூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், போனில்தான் பார்த்தாள். இது எனக்குத் தெரியாத கதை அல்ல. அன்று அவளுடைய அறையில் கூட உட்கார்ந்திருந்தவளே நான்தான்.

சுவரில் 'டாட்' என்று எழுதியிருந்த ஒரு இதயத்தின்மேல் அவள் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். நான் பின்னாலிருந்து, "நேரமாச்சு, வா. படகுக்கு டிக்கெட் எடுத்திருக்கோம்" என்று கூப்பிட்டேன். ஒன்றும் பேசாமல் வந்துவிட்டாள். படகில் நாங்கள் எடுத்த போட்டோக்களில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ராத்திரி தங்கிய அறையில் விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "ஒரு பத்து நிமிஷம் கூட நின்னிருக்கலாமேக்கா?"

என்னிடம் பதில் இல்லை. "படுத்துத் தூங்கு" என்று சொல்லிவிட்டு நான்தான் தூங்காமல் கிடந்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் அட்டவணையை வெளியே எடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. சிட்டி ரோட்டில் உள்ள வெஸ்லி ஆலயத்தில் ஆராதனைக்குப் போனோம். 1778-ல் ஜான் வெஸ்லி திறந்த ஆலயம் அது. பின்புறத் தோட்டத்தில்தான் அவருடைய கல்லறை. எதிர்ச் சாரியில் பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டம். வெஸ்லியின் தாயார் சூசன்னாவும், பாட்டு எழுதிய ஐசக் வாட்ஸும், நம் வீடுகளில் 'மோட்சப் பிரயாணம்' என்று அறியப்பட்ட புத்தகத்தை எழுதிய ஜான் பன்யனும் அங்கே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்கள்.

அந்தக் கதையின் முதல் பாகத்தை நம்மில் பலர் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்போம். கிறிஸ்தியான் தனியாக, வேகமாகப் புறப்பட்டுப் போவான். 1684-ல் வந்த இரண்டாம் பாகத்தை அதிகம் பேர் வாசிப்பதில்லை. அதில் பயணம் கூட்டமாக நடக்கிறது. அவனுடைய மனைவி, பிள்ளைகள், வழியில் சேர்ந்துகொள்ளும் பலவீனர்கள், கோலூன்றி நடக்கிற ஒருவர். நான் மெதுவாக நடப்பவன், உங்களுக்குப் பாரமாக இருப்பேன் என்று ஒருவர் பின்வாங்குகிறார். கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறவர் அவரை விடுவதில்லை. உமக்காக நாங்கள் நின்று வருகிறோம் என்கிற கருத்தில் பேசி அவரையும் சேர்த்துக்கொள்கிறார். எல்லாரும் போய்ச் சேருகிறார்கள். பன்யனின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை அவர்களுக்குச் சொல்லும்போது, நேற்று நான் கூட்டத்தை நடத்திய விதம்தான் என் கண்முன் வந்தது.

"திரும்ப அந்தச் சுவருக்குப் போவோமா?" என்று நானே கேட்டேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் அங்கே இருந்தோம். அவள் நடந்தாள், நின்றாள், பெயர்களை வாசித்தாள், பிறகு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசினாள். அவருடைய சைக்கிள் கடை, அவர் வாங்கி வரும் மக்ரூன், இவள் நர்ஸிங் சேர்ந்தபோது ஃபீஸ் கட்ட அவர் ஸ்கூட்டரை விற்றது. இரண்டு வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இதில் பாதி எனக்குத் தெரியாது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாணவித் தங்கை டவர் பிரிட்ஜ் மேலே ஏற ஆசைப்பட்டிருந்தாள். முடியவில்லை. அவளுக்கு வருத்தம்தான். அவளும் இன்னொருத்தியும் போய்ப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாம். ஒன்றாகப் போனால் கடைசிவரை ஒட்டிக்கொண்டே சுற்ற வேண்டும் என்று நாங்கள் நினைத்ததுதான் தவறு.

"மறுபடி எப்போ போகப்போறோம், டிக்கெட் காசு எவ்வளவு?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. மாணவர் விசாவில் இருப்பவருக்கு இதுவே முதலும் கடைசியுமாக இருக்கலாம். ஆனால் பதினேழு இடத்தில் பதினைந்து நிமிடம் நின்றவருக்கு மிஞ்சுவது போனில் இருக்கும் படங்கள். அந்தக் கோபுரமும் பாலமும் அங்கேயேதான் இருக்கும். கூட வந்தவர்கள் அப்படி இல்லை. நம் ஒன்பது பேரில் இருவருக்கு படிப்பு முடிகிறது, ஒருவர் வேலை மாறிப் போகிறார். அடுத்த ஆகஸ்டில் இதே ஒன்பது பேர் ஒரு மேசையில் உட்காரப்போவதில்லை.

ஆகவே நான்கு காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, ஆளுக்கு ஒரே ஓர் இடம் சொல்லட்டும். ஒன்பது பேருக்கு ஒன்பது இடம், அவ்வளவுதான் பட்டியல். அந்த இடம் ஏன் வேண்டும் என்று அவர் ரயிலில் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு அங்கே அவரை அவசரப்படுத்த உங்களுக்கு மனம் வராது.

இரண்டாவது, பணத்தைப் பற்றி முதலிலேயே பேசுங்கள். எல்லாருக்கும் முன்பாக அல்ல, பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கட்டும். குறைவாக வைத்திருப்பவருக்கு ஏற்றபடி திட்டம் போடுங்கள். லண்டன் அதற்கு இடம் கொடுக்கிற ஊர். பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் நேஷனல் கேலரிக்கும் கட்டணம் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைச் சுற்றிப் பார்க்க ஏறத்தாழ 30 பவுண்டு ஆகும். ஆனால் மாலை ஆராதனைக்குப் போனால் காசு இல்லை, உட்கார்ந்து பாடவும் ஜெபிக்கவும் செய்யலாம். பேருந்தில் ஒருமுறை கொடுக்கும் கட்டணத்துக்கே ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்தும் மாறி ஏறலாம். மாடிப் பேருந்தின் முன் சீட்டைவிட நல்ல சுற்றுலா வண்டி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போகலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பச் சந்திப்பது என்பதை மட்டும் எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மட்டும் யாரையும் விடாதீர்கள்.

நான்காவது, ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அரை நாளைக் காலியாக விடுங்கள். கால் வலிக்கிறவர் உட்காரட்டும். ஒருவர் எங்கேயாவது நின்றுவிட்டால் காரணம் கேட்காமல் கூட நில்லுங்கள். சாப்பிடாமல் இருப்பவரிடம் மட்டும் காரணம் கேளுங்கள்.

பட்டியலைத் திருத்திய பிறகு எனக்கு மறுபடி அனுப்புங்கள். ரயில் ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு ஆலயத்தில் என்னைப் பாருங்கள், காலில் கொப்புளம் வந்தால் ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்பது பேருக்கும் தருகிறேன். ஒன்பது இடங்களுக்கு அது போதும்.